கழிவில் இருந்து கரண்ட்: பெட்டிப் படமும் மீட்டர் கணக்கும்

சேற்றில் வாழும் பாக்டீரியாவை வைத்துக் கரண்ட் எடுக்கும் ஓர் அறிவியல் கிட். அதன் பெட்டியின் மேல் ஒரு படம். இலை தழை நிரம்பிய ஜாடி, அதிலிருந்து கிளம்பும் வயர், வயரின் மறுமுனையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் கைபேசி. அந்தப் படத்தை நம்பி இதை வாங்காதீர்கள். படத்தை மறந்துவிட்டு உள்ளே இருக்கும் சாமானை மட்டும் பார்த்து வாங்கலாமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இன்வர்ட்டர், யுபிஎஸ், அவற்றின் பேட்டரிகள், இவற்றைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. "மீட்டர்ல பன்னிரண்டரை வோல்ட் காட்டுதே, அப்புறம் எப்படி பேட்டரி போச்சுன்னு சொல்றீங்க?" என்று சண்டைக்கு வராத வாடிக்கையாளர் குறைவு. சும்மா இருக்கும்போது எல்லா பேட்டரியும் நல்ல பேட்டரிதான். லோடு போட்டால்தான் சாயம் வெளுக்கும். நுண்ணுயிர் எரிபொருள் கலம் என்று விற்கிற இந்தக் கிட்டையும் நான் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். வாங்கியது எனக்காக இல்லை, எட்டாவது படிக்கும் அக்கா மகளுக்காக. ஜாடி அவளுடையது, மீட்டர் என்னுடையது.

கம்பெனி பெயரைப் போடவில்லை. ஏறக்குறைய இதே அமைப்பு வேறு வேறு பெயர்களில், வேறு வேறு பெட்டிகளில் வருகிறது. நான் சொல்வதில் பெரும்பகுதி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

உள்ளே இருப்பவை: மூடியில் காற்றோட்டத் துளைகள் போட்ட ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஜாடி, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய இரண்டு கார்பன் ஃபெல்ட் (கார்பன் இழைகளை அழுத்திச் செய்த துணி) வட்டுகள், அவற்றில் செருகிய டைட்டானியம் கம்பி, ஒரு சிவப்பு எல்.இ.டி. பொருத்திய சின்னச் சர்க்யூட் போர்டு, ஒரு ஜோடி கையுறை, பன்னிரண்டு பக்கக் கையேடு. நாம் சேர்க்க வேண்டியவை சேறும் தாவரக் கழிவும். குளம் குட்டையின் ஓரத்தில், மேல் மண்ணை விலக்கினால் கீழே கறுப்பாக ஒரு சேறு இருக்கும், லேசாக நாறும். அதுதான் வேண்டும். தொட்டி மண், ஆற்று மணல் எல்லாம் வேலைக்கு ஆகாது என்று இல்லை, ஆனால் பொறுமை அதிகம் வேண்டும்.

சேற்றோடு நறுக்கிய கழிவைக் கலந்து, அடியில் ஒரு வட்டு, அதன்மேல் ஐந்தாறு விரல் உயரத்துக்குக் கலவை, உச்சியில் இன்னொரு வட்டு. மேல் வட்டு பாதி ஈரத்திலும் பாதி காற்றிலும் இருக்க வேண்டும். அடி வட்டுக்கு ஒரு துளி ஆக்சிஜன் போகக் கூடாது. அதை நாம் தடுக்க வேண்டியதில்லை, மேல் அடுக்கில் இருக்கும் கிருமிகளே வருகிற ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். அமைப்பு அவ்வளவுதான். இரண்டு வட்டுக்கும் நடுவே பிரிக்கும் சவ்வு கிடையாது, ரசாயனம் கிடையாது.

வேலை செய்கிற விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் உணவை எரித்துச் சக்தி எடுக்கும்போது, உணவிலிருந்து பிரியும் எலக்ட்ரான்களைக் கடைசியில் மூச்சில் வந்த ஆக்சிஜனிடம் தள்ளிவிடுகிறோம். சேற்றின் அடியில் ஆக்சிஜன் இல்லை. அங்கே வாழும் சில பாக்டீரியாக்கள் தங்கள் எலக்ட்ரான்களை இரும்புத் துருவிடம் தள்ளிவிடப் பழகியவை. அமெரிக்காவில் பொட்டோமாக் ஆற்றின் படிவில் இருந்து 1987இல் நுண்ணுயிரியலாளர் டெரெக் லவ்லி கண்டெடுத்த ஜியோபாக்டர் இந்த ரகம். அவற்றின் மேலுறையில் எலக்ட்ரானைக் கடத்தும் புரதங்கள் உண்டு. துருவுக்குப் பதில் ஒரு கார்பன் வட்டைப் பக்கத்தில் வைத்தால் அதையும் ஏற்றுக்கொள்கின்றன. வட்டில் கொட்டிய எலக்ட்ரான் வயர் வழியாக மேலேறி, மேல் வட்டில் காத்திருக்கும் ஆக்சிஜனோடும் சேற்றில் ஊறி வந்த ஹைட்ரஜன் அயனியோடும் சேர்ந்து தண்ணீராகிவிடுகிறது. நடுவில் அந்த வயரில் நாம் ஒரு லோடு வைத்துக்கொள்கிறோம்.

இந்தக் கிட்டுக்கு நான் கொடுக்கும் முதல் பாராட்டு, இரண்டு வட்டும் கார்பன் என்பதற்கு. இதைப் பெரிதாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. மண்ணில் இருந்து மின்சாரம், செடியில் இருந்து மின்சாரம் என்று விற்கும் பல பெட்டிகளில் ஒரு துத்தநாகத் தகடும் ஒரு செப்புத் தகடும் இருக்கும். குத்தின நொடியே 0.9 வோல்ட் காட்டும், வாங்கியவர் அசந்துபோவார். அதில் பாக்டீரியாவுக்கு எந்த வேலையும் இல்லை. கரைவது துத்தநாகம். தகடு தீர்ந்தால் கரண்டும் தீர்ந்தது. அதைக் கண்டுபிடிக்க வழி சுலபம்: முதல் நிமிடத்திலேயே வோல்ட் வந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையான நுண்ணுயிர்க் கலம் முதல் நாள் கிட்டத்தட்ட எதுவும் தராது. கிருமி பெருகி வட்டில் ஒட்டிப் படலம் ஆகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். மூன்று நாளிலும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். சேற்றையும் வெப்பநிலையையும் பொறுத்தது.

எனக்கு நம்பிக்கை போதாமல் ஒரு சோதனையும் செய்தேன். அதே சேற்றில் ஒரு பங்கை பிரஷர் குக்கரில் வேகவைத்து, தனியாக ஒரு ஜாடியில், தனியாக வாங்கிய அதே ரக ஃபெல்ட்டோடு வைத்தேன். வேகாத ஜாடி அரை வோல்ட்டைத் தாண்டிய பிறகும் வெந்த ஜாடி 0.1 வோல்ட்டுக்குக் கீழேயே தூங்கியது. ரொம்ப நாள் கழித்து அதுவும் மெதுவாக ஏற ஆரம்பித்தது. சில பாக்டீரியாக்களின் வித்துகள் சூட்டைத் தாங்கிக்கொண்டு கிடக்கும், காற்றில் இருந்தும் புதிதாக வந்து விழும். அப்படி அது முளைத்து எழுந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தப் பொருள் மேல் ஒரு மரியாதை வந்தது. வேலை செய்வது கிருமிதான், உலோகம் இல்லை.

இனி லோடு.

ஜாடி நிலைத்தபின் எதையும் மாட்டாமல் அளந்தால் 0.62 வோல்ட். கையேடு இந்த எண்ணைத்தான் கொண்டாடுகிறது. நான் போட்ட முதல் லோடு 2.2 கிலோ ஓம் தடை: 0.41 வோல்ட்டுக்கு இறங்கியது. ஒரு கிலோ ஓம்: 0.29. நானூற்று எழுபது ஓம்: 0.17. நூறு ஓம்: 0.03, அதாவது படுத்துவிட்டது. இந்த எண்களை வாட் கணக்காக்கினால் 2.2 கிலோவில் 76 மைக்ரோவாட் (ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோவாட்), ஒரு கிலோவில் 84, நானூற்று எழுபதில் 61, நூறில் 9. ஆக உச்சம் ஒரு கிலோ ஓம் அருகில். கலத்தின் உள்தடை எவ்வளவோ அந்த அளவு லோடு போடும்போதுதான் அதிகபட்ச சக்தி வெளியே வரும் என்பது எந்த பேட்டரிக்கும் பொருந்தும் விதி. இந்த ஜாடியின் உள்தடை ஆயிரம் ஓமுக்குக் கொஞ்சம் மேல். என் மேசைக்கு வரும் நல்ல லாரி பேட்டரிக்கு அது ஓமில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது.

ஒவ்வொரு தடையையும் மாட்டிய கையோடு எண்ணைக் குறிக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். பேட்டரி என்றால் சில நொடியில் நிலைத்துவிடும். இங்கே உயிருள்ள படலம், புதிய லோடுக்குப் பழக நேரம் எடுக்கும். மாட்டின நொடியில் 0.4 காட்டும், அரை மணி கழித்து 0.29இல் வந்து உட்காரும். விளம்பரப் படங்களில் வரும் எண் எந்த நொடியில் எடுத்தது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

84 மைக்ரோவாட் என்றால் என்ன? சாதாரணக் கைபேசி பேட்டரி 15 வாட் மணி கொள்ளும். நடுவில் துளி நஷ்டமும் இல்லாமல் இந்த ஜாடி அதை நிரப்ப இருபது வருஷம் ஆகும். எட்டாவது படிக்கும் பெண் அந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்துவிட்டு, "சித்தி, அதுக்குள்ள போனே பழசாயிடும்" என்றாள். பெட்டியில் அந்தப் படம் போட்டவரிடம் யாராவது இந்த வகுத்தலைப் போட்டுக் காட்டியிருக்கலாம்.

வட்டின் பரப்பைக் கொண்டு பார்த்தால், பத்து செ.மீ. விட்டமுள்ள வட்டுக்கு 84 மைக்ரோவாட் என்பது ஒரு சதுர மீட்டருக்குப் பத்து மில்லிவாட் சொச்சம். சவ்வில்லாத சேற்றுக் கலத்துக்கு இது மோசமான எண்ணே இல்லை. கம்பெனி ஏமாற்றவில்லை, இயற்கையே இவ்வளவுதான் தருகிறது. ஆனால் இதே கணக்கில் ஒரு பத்து வாட் பல்பு எரிய ஆயிரம் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஃபெல்ட் விரிக்க வேண்டும். ஆய்வகங்களில் இதைவிடப் பல மடங்கு வாங்குகிறார்கள், உண்மை. அங்கே தண்ணீரில் கரைந்த அசிடேட்டை (வினிகர் அமிலத்தின் உப்பு) ஊட்டுகிறார்கள், மேல் மின்முனையில் பிளாட்டினம் பூசுகிறார்கள், இல்லாவிட்டால் ஆக்சிஜனுக்குப் பதிலாக ஃபெரிசயனைடு கரைசலை வைக்கிறார்கள். ஃபெரிசயனைடு தீர்ந்துபோகும் சரக்கு. அதை வைத்து வாங்கிய எண்ணை இலைதழை ஜாடியோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

தாவரக் கழிவு விஷயத்தில்தான் கையேடு மிகவும் ஏழை. "சமையலறைக் கழிவு, தோட்டக் கழிவு எதையும் போடலாம்" என்று ஒரு வரி. எதையும் போட்டுப் பார்த்தோம்.

பச்சைப் புல்லைப் பொடியாக வெட்டிக் கலந்த ஜாடி முதலில் துள்ளிக்கொண்டு ஏறியது, பிறகு ஒரே வாரத்தில் 0.2க்கு விழுந்தது. மூடியைத் திறந்தால் புளித்த வாடை. லிட்மஸ் தாளை நனைத்தால் சிவந்தது. நடந்தது இதுதான்: புல்லில் சர்க்கரை நிறைய. அதை நொதிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் வேகமானவை, அமிலத்தை வாரி இறைக்கும். மின்சாரம் தருகிற கூட்டம் மெதுவானது, அதோடு நடுநிலையான நீரில்தான் உயிர் தரிக்கும். பழத்தோல் இன்னும் மோசம், ஏற்றமும் வேகம் இறக்கமும் வேகம். இதற்கு மருந்து சுண்ணாம்புக்கல் தூள், அல்லது சமையல் சோடா ஒரு சிட்டிகை. தூளைக் கலந்து மேல் நீரை மாற்றியபின் நாலைந்து நாளில் ஜாடி பழைய நிலைக்குத் திரும்பியது. கையேட்டில் இது ஒரு வரிகூட இல்லை. ஜாடி செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்கள் எத்தனை பேரோ.

மரத்தூள் போட்ட ஜாடி ஏறவே இல்லை. மரத்தைக் கெட்டியாக வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளை ஆக்சிஜன் இல்லாத இடத்தில் யாராலும் எளிதில் கடிக்க முடியாது. காய்ந்த இலை நடுத்தரம். கையால் நொறுக்கி, ஒரு நாள் ஊறவைத்துக் கலந்தால் மெதுவாக ஏறி நாள்பட நிற்கிறது. வெறும் இலையை விட, கிழித்த வெள்ளைத்தாள் கொஞ்சம் சேர்த்த இலை மேல். தாள் என்பது லிக்னின் பெரும்பாலும் நீக்கிய செல்லுலோஸ் என்ற தாவர நார்தானே.

செல்லுலோஸை நேரடியாகத் தின்று மின்சாரம் தரும் ஒரே பாக்டீரியா என்று எதையும் நம்ப முடியாது, அது கூட்டு வியாபாரம். 2007இல் வந்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. செல்லுலோஸை உடைக்கும் கிளாஸ்டிரிடியம் வகை பாக்டீரியா ஒன்றையும் ஜியோபாக்டரையும் தனித்தனியாகக் கலத்தில் விட்டால் செல்லுலோஸில் இருந்து மின்சாரம் இல்லை, இரண்டையும் சேர்த்து விட்டால் வருகிறது. முன்னது உடைத்து நொதிக்கவைத்து அசிடேட் ஆக்குகிறது, பின்னது அந்த அசிடேட்டைத் தின்று எலக்ட்ரானைத் தள்ளுகிறது. குளத்துச் சேற்றில் இந்த இரண்டு கூட்டமும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றோடு மீத்தேன் தயாரிக்கும் மூன்றாவது கூட்டமும் இருக்கிறது, அதற்கும் அசிடேட்தான் சாப்பாடு. அது தின்றது நமக்கு நஷ்டக் கணக்கு. ஜாடிச் சுவரில் குமிழிகள் ஒட்டியிருந்தால் அதில் ஒரு பங்கு அந்த நஷ்டம்தான்.

இந்தத் தொடர் புரிந்தபின் தீனி போடும் முறையை மாற்றினோம். கழிவை நேராக ஜாடியில் போடாமல், மூடிய பாட்டிலில் இலையையும் தோலையும் தண்ணீர் ஊற்றி ஊறப் போட்டு, புளித்த நீரை வடித்து, அமிலத்தைச் சுண்ணாம்புத் தூளால் அடக்கி, சிரிஞ்சில் எடுத்து அடி வட்டின் அருகே கொஞ்சமாகச் செலுத்தினோம். ஒரு கிலோ ஓம் லோடு மேல் மீட்டரை மாட்டிவைத்துப் பார்த்தால் எண் நகர்வது கண்ணுக்குத் தெரிகிறது. மதியம் 0.22இல் இருந்த ஜாடி மாலையில் 0.3ஐத் தொட்டது. அக்கா மகளுக்கு இந்தக் கிட்டில் மிகவும் பிடித்த இடம் இதுவே. எல்.இ.டி. மினுக்கலை விட, தீனி போட்டால் முள் ஏறுவது அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. எனக்கும்தான்.

சர்க்யூட் போர்டைப் பற்றி. சிவப்பு எல்.இ.டி. எரியக் குறைந்தது 1.8 வோல்ட் வேண்டும், லோடு போட்டபின் ஜாடியிடம் இருப்பது அதில் கால் பங்குகூட இல்லை. அதனால் போர்டில் ஒரு வோல்ட் ஏற்றும் சில்லு, ஒரு மின்தேக்கி. ஜாடி சொட்டுச் சொட்டாகச் சேர்த்ததை மின்தேக்கி வைத்திருந்து ஒரே மூச்சில் எல்.இ.டி.க்குக் கொடுக்கிறது, விளக்கு ஒருமுறை மினுக்கி அணைகிறது. நல்ல நிலையில் ஐந்தாறு நொடிக்கு ஒரு மினுக்கல். ஜாடி சோர்ந்தால் இடைவெளி நீளும். மினுக்கல் இடைவெளியை எண்ணியே ஜாடியின் உடல்நிலையைச் சொல்லிவிடலாம் என்பது நல்ல யோசனை, வடிவமைத்தவர் விவரமானவர்.

ஆனால் ஒரு குறை. ஜாடி 0.3 வோல்ட்டுக்குக் கீழே போனால் சில்லு கிளம்பாது. எவ்வளவு சக்தி இருந்தாலும் விளக்கு கம்மென்று கிடக்கும், ஜாடி செத்துவிட்டதா போர்டு செத்துவிட்டதா என்று தெரியாது. இருபது மில்லிவோல்ட்டில் இருந்தே கிளம்புகிற சில்லுகள் சந்தையில் உண்டு, கூடவே ஒரு சின்ன மின்மாற்றி வேண்டும் என்பதால் விலை கூடும். அதைத் தவிர்த்திருக்கிறார்கள். சரி. குறைந்தபட்சம் போர்டில் மீட்டர் முள் வைக்க இரண்டு முனையாவது விட்டிருக்கலாம். நான் இரண்டு துண்டு வயர் சால்டர் செய்துகொண்டேன்.

கையேட்டின் கடைசிப் பக்கம் இன்னொரு தவறான ஆசையைக் கிளப்புகிறது: ஆறு ஜாடிகளைத் தொடராக இணைத்தால் கைபேசிக்கு சார்ஜ் என்று. இரண்டைத் தொடராக இணைத்து நானே பார்த்தேன். லோடு இல்லாதபோது 1.2 வோல்ட், கூட்டல் சரி. லோடு போட்டதும் பசியில் இருந்த ஜாடியின் வோல்ட் பூஜ்ஜியத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விட்டது. பலமுள்ள ஜாடி தன் கரண்டைப் பலவீனமான ஜாடி வழியாகத் தள்ளுகிறது, இரண்டாவது சம்பாதிப்பதற்குப் பதில் செலவு வைக்கிறது. பேட்டரி வரிசையில் ஒரு செல் செத்தால் நடக்கும் அதே கூத்து. உயிருள்ள கலங்களில் இரண்டு ஒரே மாதிரி இருப்பதே அபூர்வம் என்பதால் இங்கே இது விதிவிலக்கு இல்லை, வழக்கம். இணைப்பதாக இருந்தால் பக்கவாட்டில் இணைத்து, வோல்ட்டை போர்டில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

தொடர் இணைப்பு ஆசை பழையது. டர்ஹாம் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் பாட்டர் 1911இல் ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் வைத்து மின்னழுத்தம் வருவதைக் காட்டினார். இருபது வருஷம் கழித்து, 1931இல், பார்னெட் கோஹன் என்பவர் பல கலங்களை அடுக்கி 35 வோல்ட் எடுத்துவிட்டார். கரண்ட் எவ்வளவு தெரியுமா? 2 மில்லி ஆம்பியர். வோல்ட்டைச் சொல்லி ஆம்பியரை விழுங்கும் வழக்கம் எங்கள் தொழிலில் மட்டும் இல்லை என்று இதைப் படித்த அன்றைக்கு நினைத்துக்கொண்டேன், ஆனால் கோஹன் இரண்டையும் நேர்மையாகவே எழுதி வைத்திருக்கிறார்.

அப்படியானால் இந்தத் தொழில்நுட்பமே வீணா என்றால், இல்லை. மைக்ரோவாட்டும் மில்லிவாட்டும் போதும் என்கிற இடங்கள் இருக்கின்றன. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தார் நீருக்கடிச் சேற்றில் மின்முனைகளைப் புதைத்து, வானிலை அளக்கும் ஒரு மிதவையை இயக்கிக் காட்டினார்கள். 2008இல் அதை எழுதி வெளியிட்டார்கள். மிதவைக்குத் தேவைப்பட்டது சராசரியாக 18 மில்லிவாட். படகெடுத்துப் போய் பேட்டரி மாற்றும் செலவோடு பார்த்தால் அந்த 18 மில்லிவாட் மலிவு. கழிவுநீரில் எவ்வளவு அழுக்கு இருக்கிறது என்று அளக்கும் கருவியாகவும் இந்தக் கலம் பயன்படுகிறது: தீனி கூடினால் கரண்ட் கூடும், சிரிஞ்சு வைத்து நாங்கள் பார்த்த அதே சங்கதி. கழிவுநீரைச் சுத்தம் செய்வதே முதல் வேலை, கரண்ட் வந்தால் லாபம் என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு ஓரளவு ஒத்துவரும். நெதர்லாந்தில் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் இருந்து கிளம்பிய பிளான்ட்-இ, கழிவுக்குப் பதில் உயிருள்ள செடியின் வேர் கசியவிடும் பொருளையே தீனியாக்குகிறது. அங்கேயும் பேச்சு உணரிகளையும் சின்ன விளக்குகளையும் பற்றித்தான்.

வீட்டில் தோட்டக் கழிவு நிறைய விழுகிறது, அதில் இருந்து உருப்படியாகச் சக்தி எடுக்க வேண்டும் என்பவருக்கு என் பதில் வேறு. ஒரு கிராம் குளுக்கோஸில் இருக்கும் எலக்ட்ரான் அத்தனையும் வயர் வழியாக வந்தால் சுமார் 12,800 கூலோம் மின்னூட்டம். 0.3 வோல்ட்டில் அது ஒரு வாட் மணிக்குக் கொஞ்சம் மேல். அதே ஒரு கிராமை முழுக்க மீத்தேனாக்கி, முப்பது சதவீதத் திறனுள்ள எஞ்சினில் எரித்தாலும் கிட்டத்தட்ட அதே ஒரு வாட் மணி. காகிதத்தில் இரண்டும் சமம். ஆனால் ஜாடியில் அத்தனை எலக்ட்ரானும் வயருக்கு வராது. இலைதழை மாதிரித் திடக்கழிவில் பெரும்பகுதி கரையாமல் நிற்கும், மீதியிலும் மீத்தேன் கூட்டமும் மேலிருந்து கசியும் ஆக்சிஜனும் பங்கு கேட்கும். சாண எரிவாயுக் கலன் நூறு வருஷத்துக்கு மேல் பழகிய வித்தை. வாயுவை நேராக அடுப்பில் எரித்தால் எஞ்சின் நஷ்டமும் இல்லை. கழிவுதான் கவலை என்றால் அதைக் கட்டுங்கள், இல்லாவிட்டால் உரக்குழி வெட்டுங்கள்.

பராமரிப்பில் சில. மேல் வட்டு காயக் கூடாது, காய்ந்தால் அயனி ஓட்டம் நின்று வோல்ட் சரியும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். குளிர் பட்டால் ஜாடி சோம்பும், 25 முதல் 35 டிகிரி வரை சுறுசுறுப்பு. ஜாடியை வெயிலில் வைத்தால் சுவரோரம் பச்சைப் பாசி படர்ந்து ஆக்சிஜனை உள்ளேயே தயாரிக்க ஆரம்பித்துவிடும். கறுப்புத் தாள் சுற்றுங்கள். அழுகின முட்டை வாடை வந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு, சன்னல் பக்கம் தள்ளி வையுங்கள், படுக்கையறையில் வேண்டாம். சேற்றைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆனால் ஃபெல்ட் வட்டில் சோப்பே படக் கூடாது.

டைட்டானியம் கம்பி இத்தனை மாதத்துக்குப் பிறகும் புதுசு மாதிரி இருக்கிறது. வேறு கிட்டுகளில் செப்பு வயரை நேராகச் சேற்றில் விடுவதைப் பார்த்திருக்கிறேன். அது அரித்து, முதலில் பொய் வோல்ட் காட்டி, பிறகு அறுந்துபோகும். இங்கே கம்பியையும் போர்டையும் சேர்க்கும் கிளிப்தான் சொத்தை, ஈரக் காற்றில் துருப்பிடித்துவிட்டது. தங்க முலாம் பூசிய பின் ஒன்றைப் போட்டேன். ஜாடியின் மூடி மரையும் மட்டம்.

மதிப்பெண்: பள்ளிக் குழந்தைக்கு அறிவியல் கிட்டாக ஐந்துக்கு நான்கு, கையேட்டுக்காகக் குறைத்த ஒன்று. மின்சாரம் தரும் சாதனமாக ஒன்று, அதுவும் பெட்டிப் படத்தைத் தூக்கினால் இரண்டாக்குகிறேன். இப்போது எங்கள் ஜாடி அந்த எல்.இ.டி.யை விட்டுவிட்டு ஒரு எல்.சி.டி. கடிகாரத்தை ஓட்டுகிறது, அதற்குச் சில மைக்ரோவாட்டே போதும். வாங்குகிறவர்கள் மல்டிமீட்டர் ஒன்றும், நூறு ஓம் முதல் பத்து கிலோ ஓம் வரை தடைகள் ஒரு பொட்டலமும் கூடவே வாங்கிக்கொள்ளுங்கள், பெட்டியில் அவை வராது. உதிரி ஃபெல்ட் விற்கிறார்கள். இரண்டு ஜாடி இல்லாமல் எதையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது என்பதால் அதையும் முதலிலேயே சேர்த்துக்கொள்வது நல்லது.